தினமும் கட்டப் பருத்திப் புடவை: புதிதாக வாங்கத் தொடங்குபவர்களுக்கு

முதல் வேலையில் சேரும்போதோ, பள்ளியில் வகுப்பெடுக்கத் தொடங்கும்போதோ, பல வருடம் சுடிதாரிலேயே இருந்துவிட்டு ஒரு மாற்றம் வேண்டும் என்று தோன்றும்போதோ பெண்கள் பருத்திப் புடவைப் பக்கம் திரும்புகிறார்கள். ஆசையில் ஒரே நாளில் ஐந்தாறு எடுத்துவிடுவதும் நடக்கிறது. சில மாதம் கழித்துப் பார்த்தால் அதில் இரண்டுதான் மாறி மாறிக் கொடியில் காய்கிறது. மற்றவை மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடக்கின்றன. நெய்தவரின் உழைப்பும் உங்கள் சம்பளமும் அப்படி மடங்கிக் கிடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் முதல் ஐந்தாறு புடவையை நிதானமாகச் சேர்ப்பது எப்படி என்று இங்கே எழுதுகிறேன். உங்களுக்கென்று ஒரு பாணி வேண்டும் என்றாலும் அது இந்த நிதானத்தில்தான் பிடிபடும். அவசரமாகக் கிளம்பும் காலையில் யோசிக்காமல் உங்கள் கை எதை எடுக்கிறதோ, அதில் அந்தப் பாணி ஏற்கெனவே இருக்கிறது.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாதம்

அம்மா, அக்கா, அத்தை, சித்தி என்று யாராவது ஒருவரிடம் கட்டாத பருத்திப் புடவைகள் கொஞ்சமாவது இருக்கும். கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு அவற்றையே கட்டிப் பாருங்கள். புடவையின் சொந்தக்காரர்கள் மறுக்க மாட்டார்கள். சந்தோஷமாகவே எடுத்துத் தருவார்கள். கூடவே அந்தப் புடவை எப்போது, எங்கே வாங்கியது என்ற கதையும் வரும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் துணியைப் பற்றிய செய்தி நிறைய இருக்கும்: எத்தனை வருடம் உழைத்தது, சாயம் போனதா, எந்த ஊர் நெசவு.

காலையில் கட்டி முடித்ததும் கண்ணாடி முன் நின்று போனில் ஒரு படம். அழகாக எடுக்க வேண்டியதில்லை. மாலையில் வந்ததும் படத்துக்குக் கீழே இரண்டு வார்த்தை: கனமாக இருந்தது, பஸ்ஸில் கொசுவம் கசங்கியது, மதியத்துக்கு மேல் வியர்வையில் ஒட்டியது, நாள் முழுக்க மறந்தே போனேன். அந்தக் கடைசிக் குறிப்பு எந்தப் புடவைக்கு வருகிறது என்று பாருங்கள். உடுத்தியதே மறந்துபோகும் அளவுக்கு உடம்போடு இருந்த புடவைதான் உங்களுக்கானது. மாதக் கடைசியில் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு சாய்வு தெரியும். கட்டம் போட்டவை திரும்பத் திரும்ப வந்திருக்கலாம், அல்லது நீலமும் பச்சையும் மட்டுமே வந்திருக்கலாம்.

எடுக்காமல் விட்ட புடவைகளையும் கவனியுங்கள். ஏன் எடுக்கவில்லை என்று எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் புடவையாக இருக்காது. பிளவுஸ் இறுக்கம், அந்த நிறத்தில் உள்பாவாடை இல்லை, இஸ்திரி போட நேரமில்லை, கஞ்சி விறைப்பில் கொசுவம் படியவில்லை. இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. புதுப் புடவைக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினாலே, கையில் இருக்கும் இரண்டு மூன்று புடவைகள் மறுபடி நடமாடத் தொடங்கிவிடும்.

அப்புறம் உங்கள் நாளை எழுதுங்கள். பஸ்ஸா, ஸ்கூட்டியா? நாள் முழுக்க நின்றுகொண்டு பாடம் நடத்துபவரா, ஏசியில் உட்கார்ந்திருப்பவரா? துணி துவைப்பது கையாலா, மெஷினிலா? இஸ்திரிக்குக் கொடுப்பீர்களா, நீங்களே போட வேண்டுமா? கடைக்காரர் இவற்றைக் கேட்க மாட்டார். நீங்கள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நூல் நம்பர்

பருத்திப் புடவை என்றால் எல்லாம் ஒன்றல்ல. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது நூலின் நம்பர். ஒரு பவுண்டு எடை நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டா எத்தனை வரும் என்பதுதான் அந்தக் கணக்கு. 60 சிட்டா வந்தால் 60-ஆம் நம்பர், 100 வந்தால் 100-ஆம் நம்பர். எடை ஒன்றே, நீளம் கூடுகிறது. ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 60-ஆம் நம்பர் நூலில் நெய்த புடவை தடிமனாக, கையில் எடுத்தால் ஒரு கனத்தோடு இருக்கும். 80 நடுத்தரம், தினசரிக்கு நல்ல இடம். 100, 120 என்று போனால் மென்மையும் விலையும் கூடும், உள்பாவாடை நிறம் வெளியே தெரியத் தொடங்கும். பாவுக்கு ஒரு நம்பர், ஊடைக்கு ஒரு நம்பர் என்று கலந்து நெய்வதும் உண்டு. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுவது, ஊடை என்பது நாடா, அதாவது நூலைச் சுமந்து தறியில் ஓடும் ஓடம், குறுக்கே கொண்டுபோவது.

மெல்லிசுதான் உயர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்கூட்டியில் போகிறவருக்கு மெல்லிய புடவை காற்றில் பறந்து தொல்லை தரும். தடிமனான புடவை இடத்தில் நிற்கும். ஒல்லியாக இருப்பவர்களுக்கு விறைப்பான துணி நன்றாக எடுத்துக் காட்டும். அதே விறைப்பு சிலருக்கு இடுப்பைச் சுற்றி உப்பிக்கொண்டு நிற்கும். அவர்களுக்குத் துவைக்கத் துவைக்கத் துவளும் 80, 100 நம்பர் புடவைகள் ஒத்துவரும்.

எந்த ஊர் நெசவு எதற்கு

தமிழ்நாட்டுப் பருத்தியில் தொடங்க நான் சொல்வது கண்டாங்கி. காரைக்குடிப் பக்கத்து நெசவு, செட்டிநாட்டுப் புடவை என்றும் சொல்வார்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரிய கட்டங்கள், அகலமான கரை, அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அழுத்தமான நிறங்கள். புதிதில் கொஞ்சம் முரடாகத் தெரியும். நாலைந்து முறை துவைத்த பிறகு அந்தத் துணிக்கு ஒரு குழைவு வரும். அப்போதுதான் அது உண்மையில் உங்கள் புடவை ஆகிறது. மெஷின், பஸ், வெயில் எல்லாவற்றையும் தாங்கும். புதிதாகக் கட்டப் பழகுபவருக்கு இன்னொரு வசதியும் உண்டு: வழுக்காது, மடித்த கொசுவம் மடித்தபடி நிற்கும்.

நெகமம், பொள்ளாச்சிக்குப் பக்கத்தில். 2023-ல் குறியீடு பெற்றது. கண்டாங்கியைவிடச் சற்று மிருதுவாக, தினமும் கட்டத் தோதாக இருக்கும்.

சுங்குடி மதுரைக்காரர்களின் பெருமை. சௌராஷ்டிர மக்கள் கொண்டுவந்து வளர்த்த முடிச்சுச் சாயக் கலை. 2005-லேயே குறியீடு கிடைத்துவிட்டது. ஒரு விஷயம் இங்கே தெளிவாக இருக்க வேண்டும். சுங்குடி என்பது சாயமிடும் முறை. துணி கைத்தறியில் நெய்ததா என்பது தனிக் கேள்வி, தனியாகவே கேளுங்கள். இன்று கடைகளில் சுங்குடி என்று தொங்குபவற்றில் பெரும்பகுதி அச்சு அடித்தது. முடிச்சுப் போட்டதையும் அச்சையும் பிரித்தறிவது கடினமில்லை. அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, ஒரே வடிவம். பின்பக்கம் நிறம் மங்கும். முடிச்சில் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கொஞ்சம் வேறு, ஓரம் கசிந்திருக்கும், நூல் கட்டிய இடத்தில் விரல் வைத்தால் துணி லேசாக மேடு தட்டும். அச்சுச் சுங்குடி மோசம் என்று சொல்லவில்லை. விலை குறைவு, கோடைக்கு அருமை, வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் போதும். அச்சுக்கு அச்சின் விலை கொடுங்கள், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் விழா, மதியம் ஒரு நிச்சயதார்த்தம் என்ற நாட்களுக்குக் கோவைக் கோரா காட்டன் ஒன்று இருக்கட்டும். பருத்தியும் பட்டும் கலந்தது. பளபளப்பு அளவோடு இருக்கும், பட்டுப்புடவையின் கனம் இருக்காது. ஆந்திரத்து மங்களகிரி, வங்காளத்துக் காட்டன் எல்லாம் நம் கடைகளிலேயே கிடைக்கின்றன. மங்களகிரியின் சாதா உடலும் சிறிய ஜரிகைக் கரையும் எந்தப் பிளவுசோடும் போகும். வங்காளக் காட்டனில் வாங்கும்போது இருக்கும் விறைப்பு கஞ்சியினால் வருவது, ஒரு துவையலில் போய்விடும். அந்த விறைப்புக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் ஒவ்வொரு முறையும் கஞ்சி போடத் தயாராக இருங்கள்.

கடையில்

தீபாவளிக்கு முந்தைய வாரம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாலையும் வேண்டாம். வேலைநாள் காலை பதினொரு மணி வாக்கில் போனால் விற்பனையாளருக்கும் பொறுமை இருக்கும், உங்களுக்கும் இடம் இருக்கும். போனதும் பட்ஜெட்டைச் சொல்லிவிடுங்கள். “டெய்லி வேர், எண்பதாம் நம்பர் காட்டன், இவ்வளவுக்குள் காட்டுங்கள்” என்று சொன்னால் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும், வெளியே வரும் புடவையும் மாறும். சொல்லாமல் உட்கார்ந்தால் ஐம்பது புடவை விரியும், கண் கலைந்துவிடும்.

பிடித்ததை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வாருங்கள். கடை விளக்கில் கறுப்பாகத் தெரிந்தது வெளியே கத்திரிப்பூ நிறமாக இருக்கும், மாம்பழ மஞ்சள் பச்சை தட்டியிருக்கும். எங்கே கட்டப்போகிறீர்களோ அந்த வெளிச்சத்தில் பார்ப்பதுதான் நியாயம். வெளியே எடுத்துப் போகக் கூடாது என்றால் ஜன்னல் ஓரமாவது போங்கள்.

முழுதாக விரிக்கச் சொல்லுங்கள். இதற்குக் கூச்சமே வேண்டாம். மேல் மடிப்பில் தெரிவது உடலும் கரையும்தான். முந்தானை உள்ளே வேறு மாதிரி இருக்கும். விரித்த துணியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் நூல் விட்ட இடம், ஓட்டை, சாயத்திட்டு எல்லாம் தெரியும். ஆடித் தள்ளுபடியில் எடுப்பதாக இருந்தால் மடிப்புக் கோடுகளைத் தனியாகப் பாருங்கள். ரொம்ப நாள் அலமாரியில் இருந்த புடவையில் மடிப்பின் மேல் நிறம் வெளிறியிருக்கும், அந்த இடத்தில் நூலும் பலவீனமாக இருக்கலாம். அது இல்லையென்றால் தள்ளுபடி விலையில் தாராளமாக வாங்கலாம்.

அளவைக் கேளுங்கள். புடவை நீளம் ஐந்தரை மீட்டர், பிளவுஸ் துணியோடு சேர்ந்தால் சுமார் 6.2 மீட்டர். அகலம் பலரும் கவனிக்காத விஷயம். 46 முதல் 48 அங்குலம் வரை இருப்பது வழக்கம், அதற்குக் குறைந்தும் வரும். உயரமானவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே இடுப்பிலிருந்து தரை வரை அளந்துகொண்டு, உள்ளே செருக நாலைந்து அங்குலம் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு அழகான புடவையானாலும் கணுக்காலுக்கு மேல் நிற்கும்.

இப்போது கரை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் ஒரு புடவையில் நெசவாளரின் கை அதிகம் தெரியும் இடம் இதுதான். உடல் ஒரு நிறம், கரை அதற்கு நேர் எதிர் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக நெய்தால் உடலின் ஊடை நூலே கரைக்குள்ளும் ஓடும். அதனால் கரையின் நிறம் சுத்தமாக நிற்காமல் உடலின் நிறத்தோடு கலந்து தெரியும். மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை என்றால் அந்த அரக்கில் ஒரு மஞ்சள் சாயல் ஏறியிருக்கும். கோர்வை போட்டு நெய்ததில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. ஒவ்வொரு வரியிலும் உடல் நூலும் கரை நூலும் சேரும் இடத்தில் ஒன்றை ஒன்று கோத்துத் திரும்புகின்றன. அந்தச் சேர்மானத்தைக் கண்ணருகில் கொண்டுவந்து பார்த்தால் நேர்க்கோடாக இல்லாமல் சின்னச் சின்னப் பல்லாகத் தெரியும். கரையின் நிறம் கலப்பில்லாமல் தெளிவாக இருக்கும். இதற்குக் கூடுதல் வேலை, கூடுதல் நேரம், அதனால் விலையும் கூடுதல். அந்த விலைக்கு அது தகும். அந்தப் பல்வரிசையை ஒருமுறை பார்த்துவிட்ட கண் அப்புறம் எந்தக் கடையிலும் ஏமாறாது.

கைத்தறியா விசைத்தறியா என்பதைத் தொட்டுப் பார்த்து மட்டும் சொல்வது பழகியவர்களுக்கே கடினம். ஊடையில் இருக்கும் சின்ன ஏற்ற இறக்கம் ஒரு குறிப்பு, உறுதியான சாட்சி இல்லை. புதியவர்களுக்கு நம்பகமான வழி கைத்தறி முத்திரை. 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்தது, புடவையில் சீட்டாகத் தைத்திருக்கும் அல்லது ஒட்டியிருக்கும். அடுத்த வழி நெசவாளர் கூட்டுறவு சங்கங்களிலும் கோ-ஆப்டெக்ஸிலும் வாங்குவது. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், இந்தச் சங்கங்களிடமிருந்து எடுத்து விற்கிறது. சில புடவைகளில் நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டை இருக்கும். தீபாவளிச் சமயத்தில் 30 சதவீதத் தள்ளுபடி கொடுப்பார்கள், கூட்டம் சேரும் முன் போய்விடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் பாந்தியன் சாலைக் கடைக்கு ஒருமுறை எதுவும் வாங்காமல் போய்ச் சுற்றிப் பாருங்கள். எந்த ஊர் நெசவு எப்படி இருக்கும் என்று ஒரே கூரையின் கீழ் கைவைத்துப் பார்க்கலாம்.

சில வகைப் புடவைகள் உட்பட 11 ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. இருந்தும் விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்று சொல்லி விற்பது நின்றபாடில்லை. விசைத்தறிப் புடவை கட்டுவது குற்றமில்லை. அதை ஓட்டுபவரும் தொழிலாளிதான். ஆனால் கைத்தறிக்கென்று நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் தறியில் உட்கார்ந்தவருக்குப் போய்ச் சேர வேண்டும். நாள் கணக்கில் உட்கார்ந்து நெய்த புடவை 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் எங்கேயோ ஒரு பொய் இருக்கிறது, அல்லது யாரோ பட்டினி கிடக்கிறார்கள்.

பெயர்களில் ஜாக்கிரதை. “காட்டன் மிக்ஸ்”, “ஃபேன்சி காட்டன்”, “சாஃப்ட் காட்டன்” என்றால் உள்ளே பாலியெஸ்டர் இருக்க வாய்ப்பு நிறைய. பில்லில் “100 சதவீதம் பருத்தி” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு முந்தானை ஓரத்தில் தொங்கும் நூலில் ஒன்றைப் பிடுங்கி இடுக்கியில் பிடித்து நெருப்பு காட்டலாம். பருத்தி காகிதம் எரிவது போல எரிந்து மிருதுவான சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகி, கறுத்த கெட்டி உருண்டையாகத் திரளும். இதைச் சமையலறைத் தொட்டி அருகில் செய்யுங்கள்.

எத்தனை, என்ன நிறம்

தொடக்கத்தில் நான் சொல்லும் அளவு ஐந்து. வாரத்துக்கு ஐந்து வேலைநாள் என்பதற்காக இல்லை. ஐந்து புடவையைத் தினமும் பார்த்து, துவைத்து, மடித்துப் பழகினால் அவை ஒவ்வொன்றின் குணமும் தெரிந்துவிடும். ஆறாவது எதுவாக இருக்க வேண்டும் என்று தானாகவே புரியும். ஐந்தையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். முதலில் இரண்டு, ஒரு மாதம் கட்டிய பிறகு அடுத்தது.

விலையைக் கட்டும் தடவையால் வகுத்துப் பாருங்கள். 1,800 ரூபாய்ப் புடவையை இரண்டு வருடத்தில் 60 முறை கட்டினால் ஒரு முறைக்கு 30 ரூபாய். 600 ரூபாய்க்கு வாங்கி ஆறு முறையோடு ஒதுக்கியது ஒரு முறைக்கு 100 ரூபாய். மலிவு எது என்று இந்தக் கணக்குதான் சொல்லும்.

நிறத்தில் பலரும் பயப்படுகிறார்கள். கறுப்பான பெண்களுக்கு இந்த நிறம் எடுக்காது என்று நம் வீடுகளிலும் கடைகளிலும் கூசாமல் சொல்வார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கண்டாங்கியின் கடுகு மஞ்சளும் செங்கல் சிவப்பும் மாநிறத்திலும் கருநிறத்திலும்தான் பளிச்சென்று எழுந்து நிற்கின்றன. நீங்களே பார்க்க ஒரு வழி: புடவையைத் தோளில் போட்டு, கண்ணாடியில் புடவையைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். முகம் தெளிவாகத் தெரிந்தால் எடுங்கள். முகம் களைத்த மாதிரி தெரிந்து புடவை மட்டும் முன்னால் வந்தால் வைத்துவிடுங்கள், அது வேறு ஒருவருக்கு. கரை விஷயத்திலும் அப்படித்தான். குள்ளமானவர்கள் சின்னக் கரைதான் கட்ட வேண்டும் என்பார்கள். சின்னக் கரை உயரமாகக் காட்டும் என்பது உண்மைதான், ஆனால் உயரமாகத் தெரிவது உங்களுக்கு வேண்டுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அகலக் கரை பிடித்திருந்தால் கட்டுங்கள்.

பாணி என்று ஊர் கண்டுகொள்வது பெரும்பாலும் ஒன்றிரண்டு பிடிவாதங்களை. ஒருவர் எப்போதும் கட்டம் போட்ட புடவைதான் கட்டுவார். இன்னொருவர் எந்தப் புடவைக்கும் முழங்கை வரை பிளவுஸ். மூன்றாமவர் சாதாப் புடவை, காதில் மட்டும் பெரிய ஜிமிக்கி. போனில் எடுத்து வைத்த படங்களில் அப்படி ஒரு பிடிவாதம் தென்பட்டால் அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் செலவையும் குறைக்கும், ஏனென்றால் கடையில் பத்தில் எட்டை விரிக்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

செலவைக் குறைக்கும் இன்னொன்று பிளவுஸ். ஒவ்வொரு புடவைக்கும் மேட்சிங் தைக்க வேண்டியதில்லை. கறுப்பு, அரக்கு, சந்தன நிறம், கரும்பச்சை என்று நாலு சாதா பிளவுஸ், கலம்காரி மாதிரி பல நிறம் உள்ள ஒன்று. இந்த ஐந்து இருந்தால் பருத்திப் புடவையில் பெரும்பாலானவற்றைச் சமாளித்துவிடலாம். மாறாக, புடவையோடு வரும் துணியில்தான் தைப்பேன் என்றால் அந்தப் பிளவுஸ் கிழிந்த அன்று புடவையும் ஓய்வு பெற்றுவிடுகிறது.

தையல்காரரிடம் கொடுப்பதற்கு முன்

இங்கே அவசரப்பட்டால் நல்ல புடவையும் கெட்டுப்போகும். புதுப் பருத்தி முதல் துவையலில் சுருங்கும். ஆகவே புடவையை ஒருமுறை தண்ணீரில் போட்டு அலசிக் காயவைத்த பிறகுதான் ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க வேண்டும். ஃபால்ஸ் துணியையும் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். ஃபால்ஸ் என்பது கொசுவம் விழும் இடத்தில் கீழ் ஓரத்தின் உள்பக்கம் தைக்கும் பட்டை. புடவை ஒரு அளவு சுருங்கி ஃபால்ஸ் வேறு அளவு சுருங்கினால் கீழ் ஓரம் இழுத்துப் பிடித்துச் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் படியாது, பிரித்துத்தான் தைக்க வேண்டும். மெஷின் தையலைவிடக் கைத்தையல் நல்லது. கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுங்கள். முந்தானை எந்தப் பக்கம், எந்தக் கரை கீழே வர வேண்டும் என்று ஊக்கு குத்தி அடையாளம் வைத்துக் கொடுத்தால் தவறு நேராது.

பிளவுஸ் துணியும் அப்படியே, லைனிங் துணியும் அப்படியே: நனைத்த பிறகுதான் கத்தரி. பக்கவாட்டில் உள் தையலுக்கு ஓர் அங்குலம் விடச் சொல்லுங்கள். உடம்பு ஏறும், இறங்கும். பிரித்துத் தைக்க இடம் இருந்தால் பிளவுஸ் பல வருடம் வரும். அளவுக்குக் கொடுக்கும் பழைய பிளவுஸ் இப்போது உங்களுக்குச் சரியாக இருக்கிறதா என்று முந்தின நாள் போட்டுப் பாருங்கள்.

முதல் அலசல் தனியாக, குளிர்ந்த தண்ணீரில். அரக்கு, கருநீலம், கறுப்பு நிறங்களில் முதல் இரண்டு மூன்று துவையல் வரை கொஞ்சம் சாயம் இறங்கும். கல்லுப்பு போட்டு நனைப்பது நம் வீட்டுப் பழக்கம்தான். உப்பு போட்டாகிவிட்டது, இனி சாயம் போகாது என்று நம்பி வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைத்துவிடாதீர்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள்பக்கம் தேய்த்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றான பிறகு மற்றவற்றோடு போடலாம். மணிக்கணக்கில் ஊறவைக்க வேண்டாம். நிழலில் காயட்டும். கஞ்சி போட விரும்பினால் வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் கலந்து, நீர்த்த பதத்தில் போடுங்கள். கெட்டியாகப் போட்டால் மடிப்பில் நூல் முறியும், பூச்சியும் வரும். மாதக்கணக்கில் உள்ளே வைக்கப்போகும் புடவைக்குக் கஞ்சியே வேண்டாம்.

ஆன்லைனில் வாங்கினால்

முதல் ஐந்தை நேரில் தொட்டு வாங்குங்கள். கைக்கு நூல் நம்பர் பழகிய பிறகு ஆன்லைன் பிரச்சினை இல்லை. விற்பவரிடம் நூல் நம்பர், நீளம், அகலம், எந்த ஊர் நெசவு என்று கேளுங்கள். பகல் வெளிச்சத்தில், முந்தானை உட்பட விரித்துக் காட்டும் வீடியோ கேளுங்கள். நெசவாளர் குடும்பங்கள் பலர் இப்போது நேரடியாக வாட்ஸ்அப்பில் விற்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்கு அவர்கள் ஆர்வமாகவே பதில் சொல்வார்கள், கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள், மாற்றித் தரக் கேட்க உதவும்.

நீண்ட நாள் கட்ட

வாங்கும்போதே ஒரு விஷயத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் புடவையின் ஆயுள் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். இரண்டு பக்கமும் ஒரே கரை, முன்னும் பின்னும் ஒரே முகம் என்று இருக்கும் சாதா நெசவுப் புடவையில் கீழ் ஓரம் தேய்ந்து நைந்ததும் ஃபால்ஸைப் பிரித்துவிட்டு, தலைகீழாகத் திருப்பி, இதுவரை இடுப்பில் இருந்த ஓரத்தைக் கீழே கொண்டுவந்து தைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் பெரிய கரை, மறுபக்கம் சின்னக் கரை என்று இருந்தால் இது சரிவராது. தினசரிப் புடவைக்கு நான் ஒரே கரையை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊக்கு குத்தும் இடத்தில் துணி கிழிவதுதான் அடுத்த சிக்கல். தோளில் குத்தும் ஊக்கில் ஒரு சின்ன மணியைக் கோத்துவிட்டால் துணி ஊக்கின் வளைவுக்குள் சிக்காது. ஒவ்வொரு முறையும் இடம் கொஞ்சம் மாற்றிக் குத்துங்கள். சின்னக் கிழிசலை அன்றே அதே நிற நூலில் இழையோட்டிவிடுங்கள், தள்ளிப்போட்டால் அடுத்த துவையலில் அது விரிந்திருக்கும்.

நடுவில் முழுக்க நைந்த பிறகும் முந்தானை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அதில் அதிகம் உரசல் இல்லை. வெட்டி ஒரு பிளவுஸ் தைக்கலாம். பலமுறை துவைத்து மிருதுவான மிச்சத் துணியைக் குழந்தைக்கு விரிக்க, தலையணை உறை தைக்க, புதுப் புடவைகளைச் சுற்றிவைக்க எடுத்து வையுங்கள். கடையில் தரும் பிளாஸ்டிக் உறையில் புடவையை விடாதீர்கள், ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இப்படிப் பழைய பருத்தியில் சுற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைத்தால் போதும்.